ஆடி முடியாத தெரு

தென்காசிக்கு வடக்கே, மலையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வடமலைப்பேரியில், ஆவுடையப்பன் அண்ணாச்சி, பூனாவில் இருக்கும் மகனிடம் போய்விடலாம் என்று, தன் வீட்டை முப்பிடாதிக்கு விற்பதாகப் பேசி, அட்வான்ஸும் வாங்கி, அக்ரிமெண்டும் எழுதி, பத்திரம் பதிய வேண்டிய நேரத்தில் "இப்ப ஆடில்லா, ஆடி முடியட்டும்மா, ஆவணி பிறந்ததும் முதல் வேலையா முடிச்சிருவோம்" என்று சொன்ன வருஷம், தச்சுமேட்டுத் தெருவில் ஆடி மாதம் முடியவில்லை.

முப்பிடாதி பஜாரில் மாவு மில்லில் மெஷின் ஓட்டுகிறவள். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது புருவமும் இமையும் வெளுத்து, நாற்பது வயதில் எழுபது வயதுக்காரி மாதிரி வருவாள், முகம் கழுவியதும் திரும்ப நாற்பதாவாள். புருஷன் கொம்பையா லோடு வண்டி ஓட்டினான். கல்யாணம் ஆனதிலிருந்து வாடகை வீடுதான். ஒரு வீட்டில் மீன் வாசம் வரக் கூடாது என்றார்கள், ஒரு வீட்டில் விருந்தாள் தங்கக் கூடாது என்றார்கள், இன்னொரு வீட்டில் வாசல் பக்கம் வராமல் கொல்லை வழியாகவே போய் வரச் சொன்னார்கள். முப்பிடாதி எல்லாவற்றுக்கும் சரி என்று தலையாட்டிவிட்டு, தன் பெயரில் ஒரு வீடு என்ற ஒற்றை நினைப்பை மட்டும் விடாமல் வைத்திருந்தாள். இருந்த வாடகை வீட்டையும் அதன் சொந்தக்காரர் வேறு ஆளுக்கு விட்டுவிட்டதால், ஆவுடையப்பன் அண்ணாச்சிதான் "அதுவரைக்கும் நம்ம வீட்டுச் சுவரை ஒட்டின சாய்ப்பு அறையில இருந்துக்கோங்க" என்று இடம் கொடுத்தார். ஆடியில் புது வீட்டில் பால் காய்ச்சக் கூடாது, அதனால் பால் காய்ச்சவில்லை. சாமான் மட்டும் கிடக்கட்டும் என்று சொல்லிக்கொண்டு, சாமானோடு சாமானாக அவர்களும் கிடந்தார்கள்.

ஆவணி பிறக்க வேண்டிய காலையில் முப்பிடாதி தலைக்குக் குளித்து, கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு போய் அண்ணாச்சி வீட்டு வாசலில் நின்றாள். அவர் அப்போதுதான் காலண்டரில் ஆடிக் கடைசித் தாளைக் கிழித்துக்கொண்டிருந்தார். கிழித்த தாளுக்கு அடியிலும் ஆடிக் கடைசித் தாளே இருந்தது.

"இன்னைக்கும் ஆடிதாம்மா" என்றார் அண்ணாச்சி, பால்காரன் இன்னும் வரவில்லை என்று சொல்வதுபோல.

முப்பிடாதி தெருமுனை வரைக்கும் நடந்தாள். டீக்கடைப் பக்கத்துக் கரண்டுக் கம்பம் வரை காற்று சேலையை இழுத்தது, மலைச் சாரல் முகத்தில் அடித்தது. கம்பத்தைத் தாண்டி ஒரு எட்டு வைத்ததும் காற்று நின்றது. பஜாரில் வெயிலடித்துக்கொண்டிருந்தது, கல்யாண மண்டபத்தில் மேளம் கேட்டது, அங்கே ஆவணி பிறந்து எல்லோரும் தங்கள்பாட்டில் இருந்தார்கள். அவள் திரும்பி ஒரு எட்டு பின்னால் வைத்தாள். காற்று. மறுபடி முன்னால் வைத்தாள். மேளம். கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்துவிட்டு, மில்லுக்கு நேரமாகிவிட்டது என்று அப்படியே வேலைக்குப் போய்விட்டாள்.

தெரு முதலில் புலம்பியது, பிறகு பழகியது. வெளியே புரட்டாசியும் ஐப்பசியும் வந்து போக, தெருவுக்குள் வெள்ளிக்கிழமை தோறும் ஆடி வெள்ளியாகவே இருந்ததால் அம்மன் கோயிலில் கூழ் காய்ச்சுவதை நிறுத்த முடியவில்லை. வீட்டுக்கு ஒரு வெள்ளி என்று முறை வைத்துக்கொண்டார்கள், மற்ற தெருக்காரர்கள் மார்கழிக் குளிரில் தூக்குவாளியோடு வந்து கூழ் வாங்கிக் குடித்துவிட்டு நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வருகிற அமாவாசையெல்லாம் ஆடி அமாவாசை என்பதால் தெருக்காரர்கள் மாதா மாதம் குளத்தங்கரைக்குப் போய்ச் செத்தவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டார்கள், அவர்களும் அதற்குப் பழகி, ஒருமுறை யாராவது போகத் தவறினால் கனவில் வந்து கோபித்துக்கொண்டார்கள். ஜவுளிக்கடை வாசலில் கட்டின ஆடித் தள்ளுபடித் துணி அவிழ்க்கப்படாமல் காற்றில் கிழிந்து, வேறு துணி கட்டப்பட்டு, அதுவும் கிழிந்தது. கொல்லையில் அவரையும் பீர்க்கும் போட்டவர்களுக்கு விதை உடனே முளைத்தது, இரண்டு இலை விட்டது, பிறகு அப்படியே நின்றது, மஞ்சளாகவும் இல்லை, வளரவும் இல்லை. தீபாவளிக்குத் தெருப் பிள்ளைகள் கம்பத்துக்கு அந்தப் பக்கம் போய் வெடி போட்டார்கள். பொங்கலுக்குப் பெண்கள் பானையையும் கரும்பையும் தூக்கிக்கொண்டு போய், கம்பத்தைத் தாண்டி வரிசையாக அடுப்பு வைத்தார்கள், பஜார்க்காரர்கள் வண்டிகளைத் தள்ளி நிறுத்தி இடம் விட்டார்கள். வீட்டுக்கு வந்து உலை வைத்தால் மறுபடி ஆடி.

கஷ்டப்பட்டது மாரிச்செல்விதான். தலை ஆடிக்குத் தாய் வீட்டுக்குக் கூட்டி வந்த புதுப்பெண். ஆடி முடியாமல் புருஷன் வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்று அவள் அம்மா பிடிவாதமாக இருந்தாள், ஆடி முடியாமல் கூப்பிடக் கூடாது என்று மாமியாரும் சொல்லிவிட்டாள். மாப்பிள்ளைப் பையன் தினமும் சாயங்காலம் வந்து கம்பத்துக்கு அந்தப் பக்கம் நிற்பான், இவள் இந்தப் பக்கம் நிற்பாள். இவள் பேசுவதைக் காற்று அடித்துக்கொண்டு போய்விடும், அவனுக்குக் கேட்காது, அவன் பேசுவது மட்டும் இவளுக்குக் கேட்கும். தெரு முழுக்க அதைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டதே தவிர யாருக்கும் வழி தெரியவில்லை.

ஒருநாள் மில்லிலிருந்து வந்த முப்பிடாதி நேராக மாரிச்செல்வியின் அம்மாவிடம் போனாள்.

"ஏன் மைனி, ஆடி தெருவுக்கா, பிள்ளைக்கா?"

"தெருவுக்குத்தான்."

"அப்பம் பிள்ளையை என்கூட மில்லுக்கு விடுங்க. கம்பு வந்து குமிஞ்சு கிடக்கு, ஆள் போதலை. அங்கன தை மாசம் நடக்கு. அங்கிருந்து அது எங்க போனாலும் தை மாசம் போன கணக்குத்தானே?"

அம்மாக்காரி மகளுடைய பெட்டியைத் தானே தூக்கி முப்பிடாதி கையில் கொடுத்தாள். மாரிச்செல்வி அன்று ஒரு மரக்கால் கம்பு கூடத் திரிக்கவில்லை. மாப்பிள்ளை மில் வாசலிலேயே வண்டியோடு நின்றான், போகும்போது அவள் முப்பிடாதியின் மாவு படிந்த கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தெரு அன்றைக்குத்தான் முப்பிடாதியைச் சாய்ப்பு அறையில் குடியிருப்பவள் என்று சொல்வதை விட்டுவிட்டு, நம்ம முப்பிடாதி என்று சொல்லத் தொடங்கியது.

ஆனால் அவளுடைய வீட்டுக்கு அந்த வழி சரிப்படவில்லை. கொம்பையா பொறுமை இழந்து புரோக்கர் இசக்கியைக் கூட்டி வந்தான். பதிவு ஆபீஸ் பஜாருக்கு அப்பால் இருக்கிறது, அங்கே வெளியூர் மாதம்தான், அண்ணாச்சியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டால் காரியம் முடிந்தது என்றான் இசக்கி. அண்ணாச்சி மறுக்கவில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நல்ல பிள்ளையாக ஆட்டோவில் உட்கார்ந்தார். கம்பத்தைத் தாண்டும்போது காற்று நிற்கவில்லை. பஜார் முழுக்க அவரோடு வந்தது, பூக்கடையில் மாலையெல்லாம் ஒரு பக்கமாகப் பறந்தது. ஆபீசுக்குள் அவர் நுழைந்ததும் சாரல் ஜன்னல் வழியாக அடித்து, மேஜைமேல் இருந்த காகிதமெல்லாம் விட்டத்துக்கு எழுந்து சுற்றியது, சுவரில் தொங்கின காலண்டர் தானாகப் படபடவென்று பின்னால் புரண்டு ஆடியில் போய் நின்றது.

அதிகாரியம்மா தலையைப் பிடித்துக்கொண்டு, மரியாதையாகவே சொன்னார்: "பெரியவரே, ஆடியைக் கூடவே கூட்டிட்டு வந்திருக்கீங்க. இன்னைக்குப் பதிய வந்தவங்க எல்லாரும் நல்ல நாள் பார்த்து வந்தவங்க. தயவுசெஞ்சு வெளியே போங்க."

அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது, ஆடி தெருவில் இல்லை, அண்ணாச்சியிடம் இருக்கிறது என்று. தெருவில் கோபம் கிளம்பியது. முளைத்தது காய்க்காமல் நிற்பதற்கும், வயசுப் பிள்ளைகளுக்கு வீட்டு வாசலில் பந்தல் போட முடியாததற்கும் காரணம் இந்த மனுஷன்தான் என்றார்கள். மகன் பூனாவில் இருக்கிறான், ரயிலில் தூக்கிப் போட்டு அனுப்பிவிடலாம், ஆடி அவரோடு போய் பூனாவைப் பிடித்துக்கொள்ளட்டும் என்று சிலர் வாசலில் வந்து கூடினார்கள். கொம்பையாவும் அவர்களோடு நின்றான்.

முப்பிடாதி சாய்ப்பு அறையிலிருந்து முறத்தோடு வெளியே வந்தாள். "பத்திரத்துக்குக் காத்துக் கிடக்கது நானு. எனக்கு வராத அவசரம் உங்களுக்கு என்னத்துக்கு? வீட்டுக்குப் போங்க" என்றாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் அந்தக் காற்றிலும் எல்லோருக்கும் கேட்டது. கலைந்து போனார்கள்.

கொம்பையா மட்டும் போகவில்லை. "ஏளா, உனக்குக் கோவமே வராதா?"

"வருதுங்க. ராத்திரி பகலா வருது. ஆனா அந்த மனுசன் பெட்டி கட்டுதாரு, அவுக்காரு, கட்டுதாரு, அவுக்காரு. சுவத்துக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேக்குல்லா. ஏமாத்துதவன் பெட்டி கட்ட மாட்டான்."

அன்று சாயங்காலம் அவள் அண்ணாச்சியிடம் போனாள். அவர் பாதி கட்டின பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். முப்பிடாதி தரையில் உட்கார்ந்தாள். பத்திரத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

"பூனா எப்படி அண்ணாச்சி? போயிருக்கீகளா?"

"ஒரு தடவை. சம்சாரம் காலமான பொறவு மகன் கூட்டிட்டுப் போனான். மருமக தங்கமான பிள்ளை. ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா செருப்பை எங்கன விடணும்னு எனக்குத் தெரியலம்மா. டம்ளரைக் கழுவி எங்கன கமுத்தணும்னு தெரியலை. எங்க உட்கார்ந்தாலும் யாரோ எந்திரிச்ச இடமாவே இருந்தது. நான் இந்த வீட்டுல பொறந்து இங்கனயே எழுபது வருசம் இருந்தவன். அடுத்தவுக வீட்டுல இருந்ததே இல்ல."

காற்று கூரை ஓடுகளைத் தட்டியது. அவர் பெட்டியின் கயிற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"நீ இத்தனை வருசம் அடுத்தவுக வீட்டுல எப்படிம்மா இருந்தே?"

யாரும் இதுவரை முப்பிடாதியிடம் அப்படிக் கேட்டதில்லை. எவ்வளவு வாடகை கொடுத்தாய் என்று கேட்டிருக்கிறார்கள், ஏன் காலி செய்தாய் என்று கேட்டிருக்கிறார்கள்.

"போன உடனே ஒரு மூலையைப் பாத்து வச்சுக்குவேன் அண்ணாச்சி. வீடு அவுகளுது, மூலை என்னதுன்னு. பொறவு அந்த வீட்டு வேலை ஒண்ணை நான் எடுத்துக்குவேன், வாசல் தெளிக்கதோ, குழாய்ல தண்ணி வந்தா எல்லாருக்கும் சத்தம் கொடுக்கதோ. நான் இல்லைன்னா நின்னு போற மாதிரி ஒரு வேலை. அதுக்கு மேல சொல்லத் தெரியலை. இதெல்லாம் சொன்னா வராது, இருந்து பாத்தாதான் வரும்." சாய்ப்பு அறைப் பக்கத்துச் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்க இருந்து பாருங்களேன்."

"எங்கன?"

"எங்க சாய்ப்பு அறையிலதான். நாங்க இங்கன வாரோம், நீங்க அங்கன போங்க. பத்திரம் இல்ல, ஒண்ணும் இல்ல. வீடு உங்களுது, ஆனா நான் வீட்டுக்காரி, நீங்க குடியிருக்க வந்தவுக. பழகிப் பாருங்க. பிடிக்கலைன்னா அட்வான்ஸைத் திருப்பிக் கொடுங்க, நான் வேற வீடு பாத்துக்கிடுதேன்."

இதைக் கேட்ட கொம்பையா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். தெருவும் உட்கார்ந்துவிட்டது. ஆனால் மாதக்கணக்கில் யோசித்து, வெளியே வெயில் காலமும் போய், ஊருக்கு அடுத்த ஆடி பிறந்த அன்று, அண்ணாச்சி ஒரு பாயும் பெட்டியுமாகச் சாய்ப்பு அறைக்குக் குடிபோனார். கம்பத்துக்கு அந்தப் பக்கமும் காற்று அடிக்க ஆரம்பித்திருந்தது. ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஊர் தச்சுமேட்டுத் தெருவிடம் வந்து சேர்ந்திருந்தது. இரண்டு பக்கத்துக்காரர்களும் வெகுநாள் பிரிந்திருந்த சொந்தக்காரர்கள்போல் கம்பத்தடியில் நின்று பேசிக்கொண்டார்கள்.

முதல் நாள் அண்ணாச்சி பழக்கத்தில் நேராக உள்ளே வந்து தன் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை விரித்தார். அடுப்படியிலிருந்து வந்த முப்பிடாதி அவரைப் பார்த்து நின்றாள். சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஆனாலும் சொன்னாள்.

"அண்ணாச்சி, வாசல்ல நின்னு ஒரு குரல் கொடுத்துட்டு வாங்க."

அவர் முகம் செத்துப்போயிற்று. எழுந்து போனவர் அன்று சாப்பிடவில்லை. கொம்பையாவுக்கே பொறுக்கவில்லை. "பெரிய மனுசனை இப்படியா சொல்லுவ?" என்றான். முப்பிடாதி அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள், கண் கலங்கியது புகையால் இல்லை.

மறுநாள் காலை வாசலில் இருமல் சத்தம் கேட்டது. "முப்பிடாதி... உள்ள வரலாமா?"

அவள் ஈரக் கையோடு ஓடினாள். "வாங்க அண்ணாச்சி, வாங்க. இப்படி ஜன்னல்கிட்ட உட்காருங்க, இங்கனதான் காத்து முகத்துல அடிக்காது." அவருக்கென்று ஒரு ஸ்டூலை அங்கே போட்டு வைத்திருந்தாள். அவர் உட்கார்ந்தார். பிறந்த வீட்டின் அந்த ஜன்னல் பக்கத்தில் அவர் அதுவரை உட்கார்ந்ததேயில்லை, எதிர்வீட்டு முருங்கை அங்கிருந்து தெரியும் என்பதே அவருக்குத் தெரியாது. காப்பியைக் குடித்துவிட்டு டம்ளரை எங்கே வைக்க என்று கேட்டார். அவள் காட்டினாள். அதற்கப்புறம் அவர் கேட்கவில்லை.

மெல்ல மெல்ல அவர் ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டார். தெருக்காரர்கள் மில்லுக்காக முப்பிடாதியிடம் கொடுத்துவிடும் கம்பையும் கேழ்வரகையும் காலையில் பாயில் விரித்துக் கல் பொறுக்கிப் புடைத்து, அவரவர் பையில் அவரவர் பெயரைச் சொல்லிக் கட்டி வைத்தார். ஒருநாள் அவருக்குக் காய்ச்சல் வந்து படுத்தபோது பைகள் மாறிப் போய், கூழில் கல் கடித்து, தெருவே வந்து சாய்ப்பு அறை வாசலில் நின்று "அண்ணாச்சிக்கு எப்படி இருக்கு?" என்று விசாரித்தது. அவரை ரயிலில் தூக்கிப் போட வந்தவர்களும் அதில் இருந்தார்கள். ஒருவன் கஞ்சி கொண்டு வந்திருந்தான். அண்ணாச்சி போர்வைக்குள் இருந்து எல்லோரையும் பார்த்தார், குடியிருக்க வந்த இடத்தில் தனக்கு இவ்வளவு பேரா என்று அவருக்கு அதிசயமாக இருந்தது.

ஊரின் ஆடி கடைசி நாளுக்கு வந்தது. நாளைக்கு ஊர் ஆவணிக்குப் போய்விடும், தெருவும் கூடப் போகுமா, இல்லை இன்னொரு வருஷம் இங்கேயே நிற்குமா என்பதே பேச்சாக இருந்தது. முப்பிடாதியிடம் வந்து கேட்டார்கள். "எனக்கென்ன தெரியும்" என்று சொல்லிவிட்டு அவள் பாத்திரம் தேய்த்தாள். பொழுது சாயும் நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் பெட்டியைக் கட்டும் சத்தம் கேட்டது, கயிறு இழுபட்டு முடிச்சு விழும் சத்தம். கொம்பையாவும் அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். அவிழ்க்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தார்கள். வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அண்ணாச்சியின் குறட்டை கேட்டது.

விடியும்போது தெருவை எழுப்பியது நிசப்தம். ஒரு வருஷத்துக்கு மேலாகப் படபடத்த ஜவுளிக்கடைத் துணி நேராகத் தொங்கியது. ஒரு ஓடும் தட்டவில்லை. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆட்கள் வெளியே வந்து, காற்றில்லாத இடத்தில் எப்படி நிற்பது என்று மறந்துபோனவர்களாய், கொஞ்சம் சாய்ந்து சாய்ந்து நின்றார்கள். கொல்லையில் இரண்டு இலையோடு நின்ற அவரையெல்லாம் ஒரே பொழுதில் கூரைக்கு ஏறி ஊதாப்பூவாகப் பூத்திருந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். அண்ணாச்சி பல் தேய்த்துவிட்டு, குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, வாசலில் வந்து நின்று குரல் கொடுத்தார்.

"முப்பிடாதி, கிளம்பலாமா? முதல் ஆளாப் போயிருவோம்."

பதிவு ஆபீசில் ஒரு காகிதம் அசையவில்லை. அதிகாரியம்மா முன்னெச்சரிக்கையாக எல்லாவற்றின்மேலும் கல் வைத்திருந்தார், பிறகு ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். அண்ணாச்சி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சொன்ன இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். கடைசிக் கையெழுத்துப் போட்டதும் பேனாவை மூடி, சாவியை முப்பிடாதி உள்ளங்கையில் வைத்து, அவள் விரல்களைத் தன் கையால் மடக்கினார்.

அன்று மத்தியானமே பஸ். தெரு முழுக்க வழியனுப்ப வந்தது. மாரிச்செல்வி வயிற்றுப் பிள்ளையோடு, புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தாள். முப்பிடாதி ஒரு பையில் வறுத்து அரைத்த சத்து மாவு கட்டிக் கொடுத்தாள்.

"பூனா வீட்டுல என்ன வேலையைப் பிடிக்கப் போறீக அண்ணாச்சி?"

"பேரன் ஸ்கூல் வேனுக்குத் தினமும் ஓடுதானாம், பாதி நாள் விட்டுருதானாம். மகன் போன்ல சொன்னான். அதை நான் பாத்துக்கிடுதேன்." பஸ்ஸில் ஏறப் போனவர் திரும்பினார். "நீ என்னை விரட்டியிருக்கலாம்மா. ஊரே உன் பக்கம்தான் நின்னுது."

"விரட்டி வாங்குன வீட்டுல எப்படி அண்ணாச்சி தூங்க?"

அவர் தலையில் கை வைக்க வந்தவர், நடுவில் மனம் மாறி, இரண்டு கையையும் சேர்த்து அவளைக் கும்பிட்டுவிட்டு ஏறினார். பஸ் கிளம்பியது. மலைப்பக்கம் ஒரு மேகம்கூட இல்லை.

கொம்பையா முன்னாலேயே வீட்டுக்குப் போய்ப் பால் காய்ச்ச அடுப்பைக் கழுவிக்கொண்டிருந்தான். முப்பிடாதி ஆட்களோடு பேசிவிட்டு மெதுவாகத்தான் வந்தாள். வெகுநேரமாகியும் ஆள் உள்ளே வராமல் அவன் எட்டிப் பார்த்தபோது, அவள் திறந்த வாசலுக்கு வெளியே, செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"ஏளா, அங்கன என்ன நிக்க?"

"இல்ல..." என்றாள் முப்பிடாதி. வாசலையும் உள்ளே இருட்டாகக் கிடந்த கூடத்தையும் பார்த்தாள். "உள்ள வான்னு யாராவது சொல்லுவாங்கன்னு நின்னுட்டேன்."

சொன்னபிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது. செருப்பை வாசல் நடுவில், தனக்குப் பிடித்த இடத்தில், பொத்தென்று போட்டுவிட்டு உள்ளே போனாள்.